நடு நாற்காலி

தூத்துக்குடி
11-8-74

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் தளவாயின் மகள் அருணாசலவடிவு எழுதுகிறேன். நீங்கள் டில்லிக்குப் போனபோது எனக்கு ஐந்து வயது. உங்கள் முகம் நினைவில்லை. இரட்டைப் பின்னலும் ஒரு தகரப் பெட்டியும் நினைவிருக்கின்றன. உங்கள் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம்.

இப்படி எழுதுவது சரியா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் உங்கள் பெயரைச் சொல்லக் கூடாது. பொங்கலுக்கு நீங்கள் அனுப்பும் வாழ்த்து அட்டையை அப்பா படித்துவிட்டு அலமாரி மேல் போடுவார். அம்மா அதை எடுத்து அடுப்பில் வைப்பாள். இந்த வருஷத்து அட்டையை நான் முந்திக்கொண்டு எடுத்து ஒளித்துவிட்டேன். முகவரியில் சீன மொழித் துறை என்று இருந்தது. அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். "சீனத்துல பேசுதத இங்கிலீசுல மாத்திச் சொல்ல காலேசுப் பிள்ளையளுக்குப் படிச்சுக் குடுக்கா. இதுக்கு மேல கேக்காத" என்றார்.

அதனால்தான் உங்களுக்கு எழுதத் தோன்றியது. வீட்டில் என் வேலையும் அதுதான்.

அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது நின்ற பேச்சு. எங்களுடையது நீள வீடு. முன்னறையில் அப்பா. பின்கோடியில் அடுப்படி, அங்கே அம்மா. நடுவில் நீண்ட நடை. இங்கே பேசுவது அங்கே கேட்காது. நான்தான் நடந்து நடந்து சொல்ல வேண்டும். "கண்ணு அவிஞ்சு போச்சான்னு ஒங்கப்பாட்ட கேளு, உப்பு இல்லன்னு எத்தன மட்டம் சொல்ல" என்பாள் அம்மா. நான் முன்னறைக்குப் போய் "அம்மா உப்பு கேக்கா" என்பேன். "ஊரே உப்பாக் கெடக்கு, போயி அள்ளிக்கிடச் சொல்லு" என்பார் அப்பா. நான் திரும்பி வந்து "நாளைக்கு வாங்கிட்டு வாராங்களாம்" என்பேன். இப்படிச் செய்தால் அன்றைக்குச் சோறு நிம்மதியாக இறங்கும்.

மாற்றிச் சொல்வது பாவமா, அத்தை? உங்கள் வகுப்பில் இதற்கு என்ன விதி? தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு எழுத வேண்டாம். என்னோடு பதினோராம் வகுப்பில் படிக்கும் சவேரியம்மாளின் அப்பா ஜேசுபாதம் பெயருக்கு எழுதுங்கள். முகவரி பின்னால் இருக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் சிம்னி விளக்கை வைத்து இதை எழுதுகிறேன். பூனை நடந்தால்கூட விளக்கை ஊதி அணைக்கிறேன்.

உங்கள் மருமகள்,
வடிவு

டில்லி
2-9-74

அன்புள்ள வடிவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உறையைப் பிரிக்கும்போது யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஊரிலிருந்து வேறு எதற்கு எழுதுவார்கள்? நான் சுகம். தலைமுடி கொஞ்சம் கொட்டுகிறது, இந்த ஊர்த் தண்ணீர். மதினிக்கு மூட்டுவலி உண்டே, தேவலையா? அண்ணன் புதுத்துறைமுகத்துக்கு மாறிவிட்டாரா?

விதி கேட்டாய். வகுப்பில் மூன்று நாற்காலி போடுவேன். ஒரு ஓரத்தில் சீனம் மட்டும் பேசுபவர். மறு ஓரத்தில் ஆங்கிலம் மட்டும் பேசுபவர். நடு நாற்காலியில் உட்காருபவர்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு இரண்டு கட்டளை. கூட்டாதே, குறைக்காதே. அடுத்தது, "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று ஒதுங்கிக்கொள்ளாதே. அவர் "நான்" என்றால் நீயும் "நான்" என்றே சொல்.

குர்மீத் என்று ஒரு மாணவி. போன வாரம் நடு நாற்காலியில் இருந்தாள். வியாபாரியாக நடித்த பையன், "உன் தேயிலையை மாட்டுக்குக்கூட வைக்க மாட்டேன்" என்றான். இவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "தேயிலை நன்றாக இருக்கிறது, யோசிக்கிறேன்" என்று சீனத்தில் சொல்லிவிட்டாள். எதிரே சீனராக நடித்தவன், "எத்தனை பெட்டி அனுப்பட்டும்?" என்று எழுந்து நின்று கை குலுக்கினான். வகுப்பே சிரித்தது. நான் அவளுக்குப் பூஜ்யம் போட்டேன். அழுதுவிட்டாள்.

உன் உப்பு விவகாரத்துக்கும் பூஜ்யம்தான் போட வேண்டும். ஏனோ கை வரவில்லை.

உன் மாமா மாசானம் இன்னும் ஆத்தூரில்தான் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறாரா? சும்மா கேட்டேன். நன்றாகப் படி.

அன்புடன்,
சந்தனமாரி

தூத்துக்குடி
20-10-74

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் மூட்டுவலி மழை வந்தால் கூடும். அப்பா புதுத்துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். காலாண்டுப் பரீட்சை வந்ததால் எழுத முடியவில்லை.

மாசான மாமா ஆத்தூரில்தான் இருக்கிறார். மாதம் ஒரு தடவை வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வருவார். அம்மாவிடம் இரண்டு வார்த்தை, அப்பாவிடம் தலையசைப்பு, அவ்வளவுதான். வெற்றிலையைக் கழுவ மாட்டார், வேட்டியில் துடைத்துத்தான் போடுவார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

நான் ஒன்று செய்துவிட்டேன், அது பூஜ்யமா என்று சொல்லுங்கள். நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை. அம்மா விளக்கேற்றக் குளித்துவிட்டு வந்து, "பழைய வாக்குத்தான் போச்சு. இந்தத் தையிலயாவது அது நடக்குமா நடக்காதான்னு ஒரே சொல்லாக் கேட்டுட்டு வா" என்றாள். எது என்று அவள் சொல்லவில்லை. கேட்டால் திட்டுவாள். அப்பாவிடம் போய் அப்படியே கேட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "நான் செத்தாத்தான் அது நடக்கும்னு சொல்லு" என்றார்.

நடையில் பாதி தூரம் வந்துவிட்டேன். அம்மா திரியை ஏற்றிக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் சாவு என்ற சொல்லை வீட்டுக்குள் எப்படிச் சொல்வது? அதுவும் அப்பாவின் சாவை. அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன். "அது நடக்கும்னு சொல்லுதாங்க" என்றேன். மீதியில் நான் எதையும் கூட்டவில்லை.

அம்மா விளக்கின் முன்னால் வெகுநேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். நேற்று அப்பாவுக்கு இரண்டு மீன் துண்டு வைத்தாள். அப்பாவுக்கு ஏன் என்று விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கவில்லை. தெரிந்து செய்தேனா என்றால் இல்லை. தெரியாமல் செய்தேனா என்றால் அதுவும் இல்லை.

உங்கள் மருமகள்,
வடிவு

டில்லி
4-11-74

வடிவு,

நலம் விசாரிக்க இப்போது பொறுமை இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

அந்த வாக்கு எது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. உன் அம்மாவை அண்ணனுக்குக் கொடுக்கும்போது, பதிலுக்கு என்னை அவளுடைய தம்பி மாசானத்துக்குக் கொடுப்பதாகப் பேச்சு. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. சீனத்தோடு சண்டை முடிந்த சமயம், அந்த மொழி படிக்க உதவித்தொகை கொடுத்து ஆள் தேடினார்கள். எனக்குக் கிடைத்தது, வந்தேன். திரும்பவில்லை. அதனால்தான் அந்த வீட்டில் பேச்சு நின்றது.

அந்த வீட்டிலிருந்து வர வேண்டிய பெண் வரவில்லை. இப்போது அந்த வீட்டில் வேறு எந்தப் பெண் இருக்கிறாள்?

உன் வயது என்ன, வடிவு? உடனே எழுது.

சந்தனமாரி

தூத்துக்குடி
30-11-74

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமா? எனக்குப் பதினைந்து முடிந்துவிட்டது.

உங்கள் கடிதம் வருவதற்கும் தீபாவளிக்கும் சரியாக இருந்தது. மாமா வந்திருந்தார். எப்போதும்போல் நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முற்றத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "ஏளா, உள்ள போ. இனிமே மாமா முன்னால இப்படி நிக்கப்பிடாது" என்றாள் அம்மா. மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா பெட்டியைத் திறந்து தன் கல்யாணச் சேலையை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தாள். தை இருபதாம் தேதி நிச்சயதாம்பூலமாம். "வெத்தலைக்கு நாம வெளிய போக வேண்டாம், மாப்பிள்ளையே கொண்டாந்துருவான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். அம்மா இப்படிச் சிரித்து இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சவேரியம்மாளிடம் சொன்னேன். "ஒங்க மாமனுக்கு நீ கொழுந்து வெத்தல, மடிச்சுப் போட்டுருவாரு" என்று கேலி செய்தாள். நான் அழுததும் அவளும் அழுதாள்.

இன்னும் மோசமான ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. தேதியை அப்பாவிடம் சொல்லச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். நான் முன்னறைக்குப் போய் "அம்மா புளி கேக்கா" என்றேன். அப்பா புளி வாங்கி வந்தார். புளியை எதற்கு வாங்கினார் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. நிச்சயத்துச் சமையலுக்கு இப்போதே சாமான் சேர்க்கிறார், சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டாள்.

மாமாவை எனக்குப் பிடிக்கும். சுடலை கோவில் கொடைத் திருவிழாவுக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் மேளம் பார்க்க வைத்தவர். அவரை அப்படி நினைக்கவே என்னால் முடியவில்லை. நான் பங்குனியில் பெரிய பரீட்சை எழுத வேண்டும். இப்போது உண்மையைச் சொன்னால் அம்மா என்ன ஆவாள்? சொல்லாவிட்டால் நான் என்ன ஆவேன்? உடனே பதில் போடுங்கள்.

வடிவு

தூத்துக்குடி
22-12-74

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தானே? தினமும் சவேரியம்மாளிடம் கேட்கிறேன். தபால்காரர் அவர்கள் தெருவுக்கு வந்தும் நிற்காமல் போகிறார் என்கிறாள். என்மீது கோபமா? உங்களுடைய இடத்தில் நான் போகிறேன் என்று நினைக்கிறீர்களா? நான் போகவில்லை. நான் கடத்தப்படுகிறேன், நானே என்னைக் கடத்திக் கொடுத்துவிட்டேன்.

மார்கழி பிறந்துவிட்டது. ஒரு வரியாவது எழுதுங்கள்.

வடிவு

டில்லி
3-1-75

அன்புள்ள வடிவுக்கு,

உன்மீது கோபமில்லை. நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். அண்ணனுக்கு நேராக எழுதிவிடலாமா என்றும் பார்த்தேன். அவருடைய பெயரை உறையில் எழுதியதோடு கை நின்றுவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எலும்பைத் துளைக்கும் குளிர்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதுதான் குழப்பம். டில்லிக்கு வந்த புதிதில், இரண்டு வருஷம் பொறுக்க முடியுமா என்று மாசானத்திடம் கேட்கச் சொல்லி அண்ணனுக்கு எழுதினேன். நேராக அவருக்கு எழுத வெட்கம். அண்ணன் எல்லா நலமும் எழுதினார், அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. பதில் இல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன். அப்புறம் இரண்டு வருஷம் மூன்றானது, வேலையும் கிடைத்தது. இதைச் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைக்கிறேன், பார்.

சீனத்தில் "ஆமாம்" என்று ஒற்றைச் சொல்லால் தப்பிக்க வழியில்லை. "வருகிறாயா" என்றால் "வருகிறேன்" அல்லது "வரவில்லை" என்று அந்த வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். என் மாணவர்கள் ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு "யெஸ்" போட்டுவிடுகிறார்கள். கேட்ட கேள்வி என்ன என்பதே அதில் மறைந்துவிடும்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு காதில் ஒன்றும் மறு காதில் வேறொன்றும் சொல்வதுதான் உன்னை இங்கே கொண்டுவந்தது. இருவர் காதிலும் ஒரே சமயத்தில் விழும்படி ஒரு இடம் உங்கள் வீட்டில் இல்லையா?

அன்புடன்,
சந்தனமாரி

தூத்துக்குடி
26-1-75

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். எனக்கு உதடு வீங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

அந்த இடம் நடைதான். அப்பாவுக்கு நேற்று விடுமுறை. அம்மா நிச்சயத்துக்கு மாவு இடிக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முக்காலியை எடுத்து நடையின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னளா, ஆளு போறது வாரது தெரியாண்டாமா? மூதேவி மாதிரி நடுநடைல குத்தவச்சிருக்க" என்றாள் அம்மா.

நான் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பக்கமும் கேட்கும்படி, "நான் செத்தாத்தான் அது நடக்கும்" என்றேன்.

அம்மா ஓடி வந்து வாய்மேலேயே அடித்தாள். "நல்ல காரியம் வச்சிருக்க வீட்டுல என்ன பேச்சு பேசுத?"

"நான் பேசல. அப்பா பேசுனது. அன்னைக்கு வெளக்கு வைக்கையில அப்பா சொன்னது இதுதான். நான்தான் சாவ எடுத்துட்டுச் சொன்னேன்."

அப்பா முன்னறை வாசலில் வந்து நின்றார். "என்ன நல்ல காரியம்?" என்று என்னைக் கேட்டார்.

"தை இருபது. மாமாவுக்கும் எனக்கும். அம்மா அன்னைக்குச் சொல்லிவிட்டது புளி இல்ல, தேதி."

அம்மா என்னைப் பார்த்தே, "அவுக அப்படிச் சொன்னது நெசமான்னு கேளு" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. "நீயே கேளும்மா. அந்தா நிக்காங்க." முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அம்மா சுவரைப் பார்த்தாள். சுவரிடமே, "நெசமா?" என்றாள்.

அப்பாவும் சுவரிடம், "நெசந்தான்" என்றார்.

அப்புறம் இரண்டு பேருக்கும் மடை திறந்ததுபோல் ஆகிவிட்டது. என் தலைக்கு மேலேயே பேசினார்கள். அம்மா சொன்னாள்: "எந்தம்பி பத்து வருசமா ஒத்தையில கெடக்கான். காத்துருக்கேன்னு ஒங்ககிட்ட சொல்லிவிட்டானே, அதுக்கு ஒங்க தங்கச்சிட்ட இருந்து ஒரு பதிலு உண்டுமா?"

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "நான் அத அவளுக்கு எழுதல" என்றார். "எழுதியிருந்தா படிப்ப விட்டுட்டு ஓடி வந்துருப்பா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அவளுக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டாள். "நான் அந்த அட்டையெல்லாம் அடுப்புல வச்சேனே" என்றாள்.

இதில் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்கள். அத்தை என்று சொன்னேன். அதிலிருந்து நேருக்கு நேர்தான் பேசிக்கொள்கிறார்கள். பேசுவதெல்லாம் சண்டை. என்னிடம் யாரும் எதுவும் சொல்லி அனுப்புவதில்லை. நிச்சயம் நின்றதா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருக்கிறது.

வடிவு

டில்லி
6-2-75

அன்புள்ள வடிவுக்கு,

கடிதம் வந்தது. உதட்டுக்கு மஞ்சள் போட்டாயா? நான் வகுப்புக்குப் போய் வருகிறேன். தேர்வுத்தாள்களில் சரியானதை அடித்துவிட்டுத் தவறானதை எழுதியிருக்கிறேன். குர்மீத் கொண்டுவந்து காட்டினாள்.

"காத்துருக்கேன்" என்பது மாசானம் சொன்ன சொல்தானா? மதினி தன் தம்பிக்காகச் சேர்த்ததா? அவரிடம் கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுது. உன்னை மறுபடியும் நடு நாற்காலியில் உட்கார வைக்கிறேன். எனக்கு வேறு ஆள் இல்லை.

உன் நிச்சயம் என்ன ஆயிற்று? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

சந்தனமாரி

தூத்துக்குடி
2-3-75

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் நலம். உங்கள் நலத்தை அப்பாவும் கேட்கச் சொன்னார். அம்மா கேட்கச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதி முடித்துவிட்டேனா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். இனி சவேரியம்மாளின் அப்பா பெயருக்கு எழுத வேண்டாம், எங்கள் வீட்டுக்கே எழுதலாம். இதைப் பகலில் எழுதுகிறேன். பழக்கமில்லாததால் எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

தை இருபது சும்மா போய்விட்டது. வாசலில் கோலம்கூடப் போடவில்லை. மாமா நேற்றுத்தான் வந்தார். எப்போதும்போல் ஈரத்துணி, வெற்றிலை. அப்பா, அம்மா இருவரும் இருந்தார்கள். யாராவது ஆரம்பிப்பார்கள் என்று பார்த்தேன், ஆரம்பிக்கவில்லை. நானே சொன்னேன்: "மாமா, எனக்கு இஷ்டம் இல்ல."

மாமா என்னையே பார்த்தார். அப்புறம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "நீ இஷ்டப்படுதன்னு ஒங்கம்மை சொன்னாளே. பிள்ளைய அழவைக்கப்பிடாதேன்னு தலையாட்டுனேன். எனக்கு மூணு மாசமா ஒறக்கம் இல்ல" என்றார். "பரிச்சைய எழுது. நல்லா எழுது."

அப்பா எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். நான் உங்கள் கடிதத்தை எடுத்து, நீங்கள் கேட்டதை, நீங்கள் கேட்டபடியே, "நான்" என்று படித்தேன். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தேன். குர்மீத்துக்கு ஏன் வாய் வரவில்லை என்று இப்போது தெரிகிறது.

மாமா சொன்னதைக் கீழே எழுதுகிறேன். விதிப்படி "நான்" என்றுதான் இருக்கும்.

"நான் சொன்னது அந்தச் சொல்லுதான். காத்துருக்கேன்னுதான் சொன்னேன். பொறவு எங்கிட்ட யாரும் கேக்கல. கேக்காததுனால நான் அத மாத்திச் சொல்லவும் இல்ல."

இதற்குப் பிறகு மாமா ஒரு வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அடுப்படியில் உலை கொதித்ததும் அம்மா எழுந்து போய்த் திரும்பி வந்தாள். அப்போதும் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வெற்றிலையை வாயில் போடவில்லை. பிறகு,

"இந்த வருசம் கொடிக்கால் நல்லாருக்கு. அதையும் எழுது."

இவ்வளவுதான் அவர் சொன்னது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடுவில் அவர் பேசாமல் இருந்த நேரத்தை மட்டும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, அத்தை. உங்கள் வகுப்பில் அதற்கு என்ன செய்வீர்கள்?

உங்கள் மருமகள்,
அருணாசலவடிவு